சின்னவனின் கார்டுகளை அனுப்பி வைத்தோம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே நடமாட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே எங்களைவிட ஒரு படி மேலாகவே சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? நீ ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுத்துவிடாதே, நோயாளிகளுக்குச் சொல்கிற புத்தியில் பாதியையாவது உனக்கும் சொல்லிக்கொள். இங்கே நம் கட்டடத்து லிஃப்ட் மறுபடியும் நின்றுபோய்விட்டது. ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன் மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறுகிறார் என்று அம்மா படியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டால் கட்டடச் செயலாளர், "நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க சார், கம்பெனி ஆள்தான் தொடணும்" என்கிறார். கம்பெனி ஆள் வந்தான், பார்த்தான், போனான், லிஃப்ட் மட்டும் போகவில்லை.

பார்சல் போய்விட்டது. ரசீதைத்தான் போட்டோ எடுத்து அனுப்பினேனே, போனிலும் சொன்னேனே, பிறகு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அதோடு, போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் அழுவாய், நான் நிறுத்திவிடுவேன். எழுதினால் கடைசிவரை எழுதிவிடலாம்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். சின்னவனின் அறை அலமாரியில் மேல் தட்டில் அந்த ஷூ டப்பா உன் தம்பி வைத்துவிட்டுப் போனபடியே இருந்தது. நீங்கள் இருவரும் ஆடும் அந்தப் படக் கார்டுகளில், நீ பட்டியல் எழுதி அனுப்பியவற்றைத் தனியாகப் பொறுக்கினேன். விளக்குக்காரன் கார்டுதான் முதலில் கையில் வந்தது. முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் விளக்கோடு பனிமூட்டத்துக்குள் நடந்துபோகிறானே, அவன். முதல் பதிப்பில் வந்தது, இப்போது கிடைப்பதே இல்லை, நாலு முனையும் இப்படிக் கூராக இருப்பது அதிசயம் என்று நீ சொன்னாயே, உண்மைதான் பாப்பா. மற்றதையெல்லாம் பையன் தேய்த்து எடுத்திருக்கிறான், இதில் மட்டும் ஒரு கீறல் கிடையாது. "விக்கறதுக்கு இல்லப்பா, இனிமே கெட்டுப் போகாம இருக்கறதுக்கு" என்று நீ சொன்னது நினைவில் இருந்தது. தரம் பார்க்கும் கம்பெனி அதைப் பார்த்து, மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிட்டால், அப்புறம் யார் விரலும் அதன் மேல் படாது, காற்றும் ஈரமும் போகாது. எனக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொன்றையும் முதலில் மெல்லிய உறையில், பிறகு கொஞ்சம் விறைப்பான உறையில் நுழைத்தேன். உறையின் வாயில், பெயிண்ட் அடிப்பவர்கள் ஒட்டுவார்களே, அந்த நீல டேப்பை ஒரு துண்டு ஒட்டி, பிரிப்பவர்களுக்குச் சிரமம் இல்லாமல் அதன் நுனியை மடித்துவிட்டேன். சாதாரண டேப் ஒட்டினால் பசை இறங்கிவிடும் என்று நீ நாலு தடவை சொன்னதை மறக்கவில்லை. ரெண்டு அட்டைகளுக்கு நடுவில் எல்லாவற்றையும் அடுக்கி, ரொம்ப இறுக்காமல் ரப்பர் பேண்ட் போட்டேன். லிஃப்ட் கதவுக்கு இடைவெளி பார்த்த கை, இது எனக்கு ஒரு வேலையே இல்லை. பபிள் ராப் மட்டும் போதவில்லை, மறுநாள் வாங்கிக்கொள்ளலாம் என்று அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அந்தக் கார்டுகள் மேல் அவளுக்கு என்றைக்கும் கோபம்தான். அவன் படுக்கையில் கிடந்த காலத்தில் துணிக்கடை வேலை முடிந்து வந்து, "இந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு வாய் சாப்பிடேன்டா" என்று கத்துவாள். நீங்கள் இருவரும் மணிக்கணக்காக ஆடுவீர்கள், அவள் தாண்டிப் போவாள், ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. அதன் தலையும் புரியாது வாலும் புரியாது என்பாள். இப்போது நான் உறையில் போடும்போது வாசற்படியில் நின்று, "பிளாஸ்டிக்ல போட்டு ஒட்டிட்டா மூச்சு முட்டாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். எதற்கு மூச்சு முட்டும் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், விளக்குக்காரன் உறைக்கு வெளியே கிடக்கிறான். வெள்ளைத் துணியின் நடுவில், நேராக, படம் மேலே பார்க்க. ரப்பர் பேண்ட் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறது, மற்ற கார்டுகள் அடுக்குக் கலையாமல் இருக்கின்றன. நான்தான் கடைசியாக ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு மறந்திருப்பேன் என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி போட்டு ஒட்டினேன். பழைய டேப் துண்டைத் தேடினால் மேஜையில் இல்லை, கீழே இல்லை. பெருக்கும்போது கண்டுபிடித்தேன். அவன் கட்டிலின் இரும்புக் காலில், தலைமாட்டுப் பக்கம், ஒட்டி அழுத்தி நீவிவிட்டிருந்தது. ஊசி போட்ட இடத்துப் பிளாஸ்டரை எடுத்தால் அவன் அங்கேதானே ஒட்டி வைப்பான். நீ எத்தனை தடவை சுரண்டி எடுத்திருப்பாய். அம்மாவிடம் கேட்டேன், "நான் ஏன் அதத் தொடப் போறேன்?" என்றாள். அவள் முகத்தில் பொய் இல்லை.

அன்றைக்குக் கார்டுகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை வழக்கம்போல் காலண்டர் ஆணியில் மாட்டினேன். பிறகு வங்கிக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து பார்த்தால் அலமாரி பூட்டித்தான் இருக்கிறது, சாவி ஆணியில்தான் தொங்குகிறது, கார்டுகள் தரையில். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், எதிரும் புதிருமாக ரெண்டு வரிசை, எல்லாம் குப்புற. நீங்கள் ஆடும்போது அடுக்குவீர்களே, அதே மாதிரி. அம்மா உள் அறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து ஒன்றை எடுத்தேன். கதகதவென்று இருந்தது பாப்பா. அந்த அறைக்கு வெயில் வராது, எதிர்க் கட்டடத்துச் சுவர்தான் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு வரிசைக் கார்டுகள் தரையைப் போலக் குளிர்ந்துதான் இருந்தன. ஜன்னல் பக்கத்து வரிசையில்தான் அந்தச் சூடு, கையில் வைத்திருந்துவிட்டு அப்போதுதான் கீழே வைத்த மாதிரி. அவன் ஜன்னல் பக்கம்தானே உட்காருவான்.

அம்மா எழுந்ததும் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "நீங்களே எடுத்து விரிச்சு வெச்சுட்டு எம்மேல பழி போடறீங்களா? வயசானா மறதி வரும், ஒத்துக்கோங்க" என்றாள். அப்புறம் ரெண்டு நாள் அவளை நானும் என்னை அவளும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே திரிந்தோம். நான் பாத்ரூம் போனால் அவள் வந்து அலமாரியைப் பார்ப்பாள், அவள் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் நான் போய்ப் பார்ப்பேன். சாவியை என் சட்டைப் பைக்கு மாற்றினேன். அவள் அதைக் கவனித்தாள். சிரிக்க வேண்டிய சங்கதிதான், ஆனால் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பேச்சுக் குறைந்த வீட்டில் சின்னச் சின்னச் சத்தமெல்லாம் பெரிதாகக் கேட்கிறது, குழாய் சொட்டுவது, மின்விசிறி நிற்கப்போகும்போது முனகுவது, அந்த அறையில் கட்டில் இரும்பு சூடு ஆறும்போது "டிக்" என்பது.

பபிள் ராப் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவன், கடை பூட்டியிருந்ததால் பாதியில் திரும்பிவிட்டேன். சட்டையை மாற்றிக்கொண்டு போனதில் சாவி பழைய சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது, அது படியேறும்போதுதான் நினைவு வந்தது. கதவைத் திறந்து உள்ளே வந்தால் சின்னவன் அறையில் பேச்சுச் சத்தம். அம்மா போனில் உன்னோடு பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து கார்டு போட்டுக்கொண்டிருக்கிறாள். கண் திறந்திருக்கிறது, ஆனால் பார்வை எதிலும் நிற்கவில்லை, கண்ணாடி ஜன்னலில் வெளிச்சம் விழுந்த மாதிரி இருக்கிறது. தனக்கு ஒன்று, எதிரே ஒன்று, தனக்கு ஒன்று, எதிரே ஒன்று என்று கை தடுமாறாமல் போடுகிறது. தன் பக்கத்தில் ஒரு கார்டைத் திருப்பி வைத்தாள், "ம், உன் முறை" என்றாள். பிறகு எழுந்தாள். சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் அவன் இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்தை எப்படி எழுதுவேன். இடது காலை மடித்து அடியில் போட்டு, வலது முட்டியை நிமிர்த்தி, அதன் மேல் மோவாயை வைத்துக்கொண்டு. அம்மாவுக்கு இடுப்பு வலி, அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கார்டை எடுத்தது இடது கை. கடைசிக் கார்டை வைப்பதற்கு முன்னால் விரல் முட்டியால் தரையில் ரெண்டு தட்டுத் தட்டினாள், டொக் டொக். வைத்தாள். வைத்துவிட்டுச் சிரித்தாள்.

என்னை அறியாமல் தொண்டையில் ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும். அந்த இடத்திலிருந்து தலையைத் திருப்பாமலே, "உஷ், சத்தம் போடாதப்பா. அம்மா யோசிக்கிறாங்க" என்றாள்.

இதுதான் நான் அவளிடம் சொல்லாதது. குரல் அவளுடையதுதான், வேறு குரல் வரவில்லை, பேய்க்கதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஆனால் அந்த "அப்பா" என்கிற சொல்லை அவன் எப்படி இழுத்து, கடைசியில் கொஞ்சம் கெஞ்சலாக முடிப்பான் என்று உனக்கும் எனக்கும் தெரியும். அவன் போன பிறகு அப்படி ஒரு தடவை கேட்க மாட்டோமா என்று நான் எத்தனை நாள் ஏங்கியிருப்பேன், கேட்டபோது ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஓடவில்லை. தூக்கத்தில் நடப்பவர்களை உலுக்கி எழுப்பக் கூடாது என்று எப்போதோ கேட்டிருந்ததும் ஒரு காரணம். இன்னொன்று, எழுப்பினால் இருவரும் போய்விடுவார்களே என்று நினைத்தேன். என் புத்தி அந்த நிமிஷத்தில் அப்படித்தான் போனது.

அம்மா எழுந்து தன் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தாள், யோசித்தாள், ஆடினாள், "உன் முறை" என்றாள். அவள் மறுபடி எழுவதற்குள் நான் போய் அந்த ஜன்னல் பக்கத்து இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் அங்கேயும் இங்கேயுமாக எழுந்து எழுந்து உட்கார்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அந்தப் பக்கம் யாராவது இருக்கட்டும் என்றுதான். ஆபரேஷனுக்குப் பிறகு மடங்காத என் இடது முழங்கால் அங்கே உட்கார்ந்தபோது தானாக மடங்கியது, வலிக்கவே இல்லை. அம்மா காத்துக்கொண்டிருந்தாள். நான் மெதுவாக, "எனக்கு இது ஆடத் தெரியாதே" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல், என் தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்து, "அவன் சொல்லித் தருவான்" என்றாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை பாப்பா. எனக்குத் தைரியம் இல்லை. கைக்கு வந்த ஒரு கார்டை எடுத்து வைத்தேன். அவள் ஒன்று வைத்தாள். இன்னொன்று வைத்தேன். சரியோ தப்போ, ஆட்டம் ஓடியது. கடைசியில் விளக்குக்காரனைத் திருப்பி என் கார்டுகள் மேல் வைத்தாள், நான் தோற்றேன் போலிருக்கிறது. அப்போது அவள் சிரித்தாளே, அது அவள் சொந்தச் சிரிப்பு. கல்யாணமான புதிதில் பஸ்ஸில் எவனோ என் சட்டைப் பையைக் கத்தரித்துக்கொண்டு போனபோது சிரித்தாளே என்று உங்களிடம் சொல்லுவேனே, அதே சிரிப்பு. அப்படியே சரிந்து தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் ஒரு தலையணையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விழித்ததும், "இங்க ஏன் படுத்திருக்கேன்? ஏன் என்னை இப்படிப் பாக்கறீங்க?" என்று மிரண்டுவிட்டாள். ஒன்றுமே நினைவில்லை.

நம் பழைய டாக்டரிடம் அழைத்துப் போனேன். தனியாக அவரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைக்கவில்லை. மாத்திரைப் பட்டையை வாங்கிப் பார்த்தார். ராத்திரிக்கு மட்டும் கொடுத்த தூக்க மாத்திரையை அம்மா தூக்கம் போதவில்லை என்று மத்தியானமும் பாதி போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "இந்த மாத்திரைல சில பேர் எழுந்து நடப்பாங்க, சமைப்பாங்க, பேசுவாங்க, ஒண்ணும் ஞாபகம் இருக்காது. பயப்படாதீங்க, மாத்திடறேன்" என்றார். கார்டுகளை வெளியே எடுத்ததும் அவள் மனசுக்குள் கிடந்தது கிளம்பியிருக்கிறது என்றார். நான் விடவில்லை. அவளுக்கு அந்த ஆட்டம் தெரியவே தெரியாதே டாக்டர் என்றேன். "சமையக்கட்டுல இருந்தாலும் அம்மாக்களுக்குக் காது பிள்ளைங்ககிட்டதான் இருக்கும். அவங்களுக்கே தெரியாம கத்துட்டிருப்பாங்க" என்றார். இருக்கலாம். நீ நர்ஸ், உனக்கு இது நன்றாகப் புரியும். ஆனால் அந்த ரெண்டு தட்டு நீங்கள் இருவரும் வைத்துக்கொண்ட வழக்கமா, அம்மா கண்டிருக்க வழி உண்டா என்பதை மட்டும் எனக்கு எழுது. போனில் சொல்லாதே.

மாத்திரை மாறியதும் அம்மா மத்தியானத்தில் படுப்பதை விட்டுவிட்டாள். என் கண் முன்னாலேயே ஹாலில் உட்கார்ந்து பழைய திரைச்சீலையெல்லாம் பிரித்துத் தைக்கிறாள். நான் ஒரு நாள் துணிந்து அவளிடம் சொன்னேன், அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும். அவள் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "நான் ஜெயிச்சேனா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவன்கிட்டயா, உங்ககிட்டயா?" என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "எத்தன தடவ கூப்பிட்டிருப்பான், ஒரு ஆட்டம் வாம்மான்னு" என்றாள், அவ்வளவுதான். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். நானே போட்டுத் தருகிறேன் என்று கார்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குழந்தைக்குச் சட்டை மாட்டுவது போல ஒவ்வொன்றையும் முனை இடிக்காமல் உறையில் நுழைத்தாள், எனக்கு அந்த நிதானம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். விளக்குக்காரனை மட்டும் உறையில் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "மூச்சு முட்டாது இல்ல?" என்றாள். முட்டாது, நம் மகள் வைத்திருக்கப் போகிறாள் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

அட்டைக் கட்டைப் பபிள் ராப்பில் சுற்றி, சின்னப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, நாலு பக்கமும் காகிதம் அடைத்து, காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்தோம். உள்ளே ஒன்றும் அசையவில்லை. வெளியே கார்டு என்றோ விலை உள்ளது என்றோ எதுவும் எழுதவில்லை, நீ சொன்னபடி விலாசம் மட்டும். உள்ளே ஒரு தாளில் கம்பெனி விலாசமும் திருப்பி அனுப்ப வேண்டிய உன் விலாசமும் எழுதி வைத்திருக்கிறேன், வெளி விலாசம் கிழிந்தாலும் போய்ச் சேரும். தபால் ஆபீசுக்கு அம்மாவும் வந்தாள், பெட்டியை என்னிடம் தரவில்லை, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டாள். கவுண்டரில் இருந்த பெண் எடை போட்டு, இன்சூரன்ஸ் சீட்டு ஒட்டி, உள்ளே என்ன என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "பையனோடது" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "பொருள் பேர் எழுதணும்மா" என்றாள், விளையாட்டுக் கார்டு என்று நான் சொன்னேன். அங்கே ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்களா, வாசலில் போட்டுவிட்டுப் போய்விட மாட்டார்களே என்று அம்மா கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். பெட்டி பின்னால் இருந்த பெரிய சாக்குப் பைக்குள் போகும்வரை அங்கேயே நின்றாள். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், அவள் நகரவில்லை.

திரும்பி வந்து படியேறும்போதுதான் இது நடந்தது. நமக்கு நேர் கீழே ரெண்டாம் மாடியில் ஒரு தையல்காரம்மா புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள், போன மாதம்தான் வந்தார்கள், நம் வீட்டுக் கதை எதுவும் அவர்களுக்குத் தெரியாது, நாங்களும் சொன்னதில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காற்றுக்கு நின்றிருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும், "என்னக்கா, உங்க வீட்டுக்கு வந்திருந்த பையன் ஊருக்குக் கிளம்பிட்டானா? மத்தியானமெல்லாம் மேல ஒரே சிரிப்பும் தரையத் தட்டற சத்தமுமா இருக்கும், நேத்துக்கூடக் கேட்டுது. இன்னைக்குச் சத்தத்தையே காணோமேன்னு நெனச்சேன்" என்றார்கள். நேற்று மத்தியானம் நானும் அம்மாவும் ஹாலில் இருந்தோம் பாப்பா. அவள் தைத்துக்கொண்டிருந்தாள், நான் நூல் கோத்துக் கொடுத்தேன். அதற்கு முந்தின நாளும் அப்படித்தான், மாத்திரை மாறியதிலிருந்தே அப்படித்தான். அந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மாதான் நின்று, சிரித்த முகமாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற சாதாரணக் குரலில் பதில் சொன்னாள். "ஆமா, கிளம்பிட்டான். அவங்க அக்காகிட்ட போறான். பத்திரமா அனுப்பி வெச்சுட்டு இப்பதான் வர்றோம்" என்றாள். மேலே வந்ததும் அந்த அறை ஜன்னலைத் திறந்துவிட்டு, தரையைத் துடைத்து, டீ போட்டுக் கொடுத்தாள். அன்று ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கினாள், இன்றுவரை அப்படியே தூங்குகிறாள். வீடு அமைதியாக இருக்கிறது. எனக்குத்தான் அந்த அமைதி இன்னும் பழகவில்லை.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி உனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உன் இஷ்டம், அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மாத்திரையின் பெயரைத்தான் தேடுவார், தேடட்டும், அதுவும் நல்லதுதான். நீ குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேலை வேலை என்று தண்ணீர் குடிக்க மறக்காதே. உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராமல், கையும் மனசும் நிறைந்து நீங்கள் வாழ வேண்டும், அதுதான் எங்கள் இருவர் ஆசீர்வாதமும்.

ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். கம்பெனியிலிருந்து பார்சல் உன் வீட்டுக்கு வருகிற நாளில் லீவு போட்டாவது வீட்டில் இரு. வாசலில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிடாதே, பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்லாதே. நீயே கதவைத் திறந்து, நீயே கையெழுத்துப் போட்டு, உள்ளே கூட்டிக்கொண்டு போ.

இப்படிக்கு,
எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா